தில்லி வீட்டுத் தோட்டங்களின் கதை

வீடு என்று சொல்லும்போதே முற்றமும் கொல்லையும் அதனுள் அடங்கிவிடும் என்று கருதியவர்கள் தமிழ்நாட்டார். அடுக்களை நீர் வெளியேறும் வாயில் வாழை, கிணற்றங்கரையில் முருங்கை, அதன் பக்கத்தில் கறிவேப்பிலை, பூசைக்கு அரளியும் நந்தியாவட்டையும். இவற்றைத் தோட்டம் என்று அங்கே எவரும் பெருமையாக அழைப்பதில்லை. தோட்டம் என்பது ஊருக்கு வெளியே உள்ளது. நந்தவனம் என்பது கோயிலைச் சேர்ந்தது. வீட்டைச் சுற்றியிருந்த பசுமை அன்றாட வாழ்வின் ஓர் அங்கம், அவ்வளவே.

பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்தவர்களுக்கு இந்தப் பசுமை தானாக வாய்க்கவில்லை. சர்க்கார் குடியிருப்பின் முன்னே வேலியிட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அந்த மண் வேறு, மழை வேறு, வெயிலும் குளிரும் வேறு. அந்தத் துண்டு நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தானே விடை காண வேண்டியிருந்தது. இக்கேள்வி தமிழருக்கு மட்டும் உரியதன்று. தில்லியிலும் அதன் சுற்றுவட்டத்திலும் புகழ்பெற்ற தோட்டங்களை அமைத்தவர்களில் பெரும்பாலோர் வேறோர் ஊரிலிருந்து வந்தவர்களே. தாம் விட்டு வந்த ஊரை நினைத்து அவர்கள் தோட்டம் இட்டார்கள். வந்து சேர்ந்த ஊரின் மண்ணுக்கும் நீருக்கும் எவ்வளவு செவி சாய்த்தார்களோ, அவ்வளவுக்கே அத்தோட்டங்கள் நிலைத்தன. இன்றைய பேச்சில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒரு செய்தியைத்தான்.

முதலில் பாபரைப் பார்ப்போம். 1526-ஆம் ஆண்டு பானிப்பட்டுப் போரில் வென்று ஆக்ரா வந்து சேர்ந்த பாபருக்கு இந்த நாட்டின் செல்வம் வியப்பைத் தந்தது. நிலத்தின் தோற்றம் மனச்சோர்வைத் தந்தது. துருக்கி மொழியில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தின் தோட்டங்களில் ஓடும் நீர் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். மலைச்சுனைகள் வாய்க்கால்களாக இறங்கிவரும் காபூலில் வாழ்ந்தவர் அவர். ஆக்ராவிலோ நதி கீழே ஓடுகிறது. நிலம் மேலே காய்கிறது. யமுனையின் கீழ்க்கரையில் இடம் தேர்ந்து, முதலில் பெருங்கிணறு ஒன்றை வெட்டுவித்தார், பிறகு குளம், அதன் பிறகே மலர்ப் பாத்திகள். நீரை மேலே ஏற்ற, இந்நாட்டு உழவர்கள் மாடு பூட்டிச் சுழற்றிய நீரிறைக்கும் சக்கரங்களையே நம்பினார். இன்று ஆராம் பாக் என்று வழங்கும் தோட்டம் அக்காலத்து மரபின் வழி வந்தது என்பர்.

பால்க் நாட்டிலிருந்து வந்த முலாம்பழச் சாகுபடியாளர் ஒருவரைக் கொண்டு பாபர் ஆக்ராவில் முலாம்பழம் பயிரிடச் செய்தார். திராட்சைக் கொடியும் நடுவித்தார். அவை காய்த்தபோது அடைந்த மகிழ்ச்சியையும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பேரரசை வென்றவர், தம் ஊர்ப் பழம் இந்த மண்ணில் விளைந்ததைத் தனிச் செய்தியாகப் பதிந்து வைத்தார். பிற மாநிலத்துக் குடியிருப்பின் பின்புறத்தில் கறிவேப்பிலைக் கன்று முதல் துளிர் விட்ட நாளை நினைவில் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்மணிகள் இம்மகிழ்ச்சியை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

முகலாயர் வளர்த்த தோட்ட முறைக்குச் சார்பாக் என்று பெயர்; நான்கு பகுதிகளைக் கொண்ட தோட்டம் என்பது பொருள். நடுவில் நீர்நிலை, அதிலிருந்து நாற்புறமும் செல்லும் வாய்க்கால்கள், வாய்க்கால்களுக்கு இடையே தாழ்ந்த பாத்திகள். தில்லியில் 1570-ஆம் ஆண்டையொட்டி எழுந்த உமாயூன் கல்லறையில் இம்முறையின் பெருவடிவத்தைக் காணலாம். அழகுக்காக மட்டும் ஏற்பட்ட அமைப்பு அன்று இது. வாய்க்கால் பாத்தியை விட உயர்ந்திருப்பதால், நீர் தன் எடையாலேயே சரிந்து பாத்தியில் இறங்குகிறது. ஆளில்லாமல் பாசனம் நடைபெறுகிறது. பிற்காலத்தில் அவ்வாய்க்கால்கள் தூர்ந்துபோயின. ஆங்கிலேயர் காலத்தில் புல்தரையும் வட்டப் பாத்திகளும் அவற்றின்மேல் வந்தன. தொல்லியல் துறையும் ஆகா கான் அறக்கட்டளையும் சேர்ந்து மேற்கொண்ட திருப்பணியால் 2003-ஆம் ஆண்டில் அந்த வாய்க்கால்களில் மீண்டும் நீர் ஓடலாயிற்று.

பத்தடி நிலம் வைத்திருப்பவரும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தோட்டத்தை வகுக்கும் முன் நீரின் வழியை வகுக்க வேண்டும். மழை பெய்யும்போது ஒரு முறை வெளியே நின்று பார்த்தால், நீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடி மறைகிறது என்பது தெரிந்துவிடும். தேங்கும் இடத்தில் வாழையும் சேம்பும் இடலாம். ஓடிவிடும் இடத்தில் நீரைக் குறைவாக விரும்பும் செடிகளை வைக்கலாம். மதிற்சுவரை ஒட்டிச் சிறு பள்ளம் எடுத்துச் சரளைக்கல் நிரப்பினால், கூரைநீர் நிலத்துக்குள் இறங்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தில்லியிலும் அதற்குச் சற்று முன்னர், 2001-இல், புதிய கட்டடங்களுக்கு அத்தகைய விதி வந்தது.

அடுத்து வந்தவர் ஆங்கிலேயர். இந்நாட்டுச் செடிகொடிகளை அவர்கள் முதலில் வாணிகக் கண்ணோடுதான் நோக்கினார்கள். 1787-இல் கல்கத்தாவுக்கு அருகே தாவரவியல் தோட்டம் ஏற்பட்டது. 1820-இல் பாதிரியார் வில்லியம் கேரியின் முயற்சியால் அந்நகரில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. 1835-இல் சென்னையிலும் அத்தகைய சங்கம் ஒன்று எழுந்தது. இச்சங்கங்கள் விதை வரவழைத்தன, நாற்று விற்றன, கண்காட்சி நடத்தின. தோட்டக்கலை என்பது வீட்டுக்காரர் புத்தகம் பார்த்துத் தாமே கற்கக்கூடிய கலை என்ற எண்ணம் பரவுவதற்கு இவை துணையாயின. வங்காளத்தில் பாதிரியாராக இருந்த ஃபர்மிங்கர் என்பவர் வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் உரிய தோட்டக்கலைக் கையேடு ஒன்றை 1860-களில் வெளியிட்டார். இங்கிலாந்தின் பருவக் கணக்கை இங்கே கடைப்பிடித்தால் விதை வீணாகும் என்பதை அனுபவத்தால் அறிந்த தலைமுறைக்கு அந்நூல் பெரிதும் பயன்பட்டது.

வட இந்தியாவில் ஆங்கிலேயரின் மலர்ச்செடிகள் பூத்த காலம் குளிர்காலமே. அவர்கள் நாட்டில் வசந்தத்தில் விதைப்பதை இங்கே அக்டோபரில் விதைக்க வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். பிப்ரவரி மாதத்தில் தில்லியில் நாம் காணும் ஃப்ளாக்ஸ், பேன்சி, ஹாலிஹாக் முதலிய மலர்களெல்லாம் இந்தத் திருத்தத்தின் பயன்கள். ஊர் நினைவை விட்டுவிடாமல், பருவத்தை மட்டும் இந்த மண்ணுக்கேற்ப மாற்றிக்கொண்ட இடத்தில் அவர்கள் வென்றார்கள்.

புல்தரை விஷயம் வேறு. ஆண்டு முழுதும் தூறல் விழும் நாட்டில் புல்தரை தானே பசுமையாக இருக்கும். மே மாதத்தில் லூ என்னும் அனற்காற்று வீசும் தில்லியில் அது அப்படியிருக்க இயலாது. இங்கிலாந்துப் புல் இங்கே நிற்காது என்பதால், இந்நாட்டார் நெடுங்காலமாக அறிந்திருந்த அருகையே நாடினார்கள். வடக்கே தூப் என்று வழங்கும் புல், பிள்ளையாருக்கு நாம் சாற்றும் அருகம்புல்தான். கணுக்கணுவாகக் கிள்ளி நட்டும், நறுக்கிய புல்லைச் சாணத்தோடும் மண்ணோடும் குழைத்துத் தரையில் பூசியும் புல்தரை உண்டாக்கும் முறை இங்கே வழக்கமாயிற்று. அருகு வெயிலைத் தாங்கும். காய்ந்தாலும் வேர் சாகாது. ஆயினும் கோடையிலும் அது பச்சைக் கம்பளமாகத் தோன்ற வேண்டும் என்று விரும்பினால் நீர் ஏராளமாகத் தேவைப்படும். தோல்பையில் நீர் சுமந்த பிஸ்திகளும், விடியற்காலை முதல் குனிந்த முதுகு நிமிராத மாலிகளும் இருந்ததால்தான் பங்களாப் புல்தரைகள் பசுமையாயிருந்தன. துரைமார் எழுதிய தோட்டக் குறிப்புகளில் இவர்கள் பெயர் அரிதாகவே காணப்படும். தானே தோட்டம் பேணும் வீட்டுக்காரர், பிஸ்தியும் மாலியும் இல்லாமல் தம் கையால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கோடையில் புல் பழுப்பதை ஒரு குறையாகக் கருதாமல், முதல் மழைக்குத் துளிர்க்கும் என்று விட்டுவிடுவதே இம்மண்ணின் முறை.

அழகுக்காக அழைத்து வந்த சில விருந்தாளிகள் பிறகு வீட்டுக்கே உரிமை கொண்டாடின. உண்ணிச்செடி என்று நாம் அழைக்கும் லாண்டானா, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. வேலிக்கு நல்லதென்று பலர் அதை நட்டனர். பறவைகள் அதன் விதையைக் காடுகளில் சேர்த்தன. இன்று இந்தியக் காடுகள் பலவற்றில் அது பெருங்களை. வங்காளத்தில் பூவின் அழகுக்காக வளர்த்த ஆகாயத்தாமரை குளங்களையும் கால்வாய்களையும் மூடியது. தென்மாவட்டக் கண்மாய்களில் நாம் காணும் சீமைக் கருவேலம், தில்லியின் மலைமுகட்டுக் காட்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. இங்கே அதன் பெயர் விலாயதி கீகர். பழைய மரங்களுக்கு இடம் விடாமல் அது பரவியது. வேலி வேண்டுமானால் மருதாணி போதும். தில்லியில் பல வீடுகளுக்கு அதுவே வேலி. வெட்ட வெட்டத் தழைக்கும். அடுத்தவர் நிலத்துக்குப் பாயாது. பண்டிகை நாளில் கைக்கும் உதவும்.

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நடைபெற்ற தில்லித் தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். புதிய நகரத்தை லட்டியன்ஸும் பேக்கரும் வகுத்தனர். 1931-ஆம் ஆண்டு அது முறையாகத் திறக்கப்பட்டது. கட்டடங்களைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். மரங்களைப் பற்றிக் குறைவாகவே கேள்விப்படுகிறோம். அகன்ற வீதிகளை நிழலால் மூடும் பொறுப்பு மஸ்டோ என்ற தோட்டக்கலைஞரிடம் வந்தது. உமாயூன் கல்லறைக்கு அருகே உள்ள நாற்றங்காலில் மரக்கன்றுகள் வளர்க்கப்பட்டன. அந்த இடமே சுந்தர் நர்சரி என்ற பெயரில் 2018-ஆம் ஆண்டு பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது.

வீதிகளுக்கென்று அவர்கள் தேர்ந்த மரங்களில் பெரும்பாலானவை இந்நாட்டு மரங்களே. கடமைப் பாதை என்று 2022-இல் பெயர் மாற்றம் பெற்ற பெருவீதியின் இருமருங்கும் நாவல். அக்பர் சாலையில் புளி. ஜனபத் சாலையில் மருது. லோதி சாலையில் வேம்பு. ஜாமுன், இம்லி, அர்ஜுன், நீம் என்று வேறு பெயர்களில் அவை நிற்பதால் முதலில் அயலாராகத் தோன்றும். அண்ணாந்து இலையைப் பார்த்தால் நம் ஊர் மரங்கள் என்று தெரியும். சின்னஞ்சிறு முற்றத்துக்கும் அப்படியே. அமல்தாஸ் என்பது சரக்கொன்றை. ஹர்சிங்கார் என்பது பவழமல்லி. மௌல்சிரி என்பது மகிழம். கச்நார் என்பது மந்தாரை. நாற்றுப் பண்ணையில் இப்பெயர்களைச் சொல்லிக் கேட்டால், ஊரில் விட்டு வந்த மரத்தையே வாங்கி வரலாம்.

புதிய நகரத்தில் நிலத்தின் அளவு பதவியின் அளவைப் பின்பற்றியது. உயர் அதிகாரிகளின் பங்களாக்களுக்குப் பல ஏக்கர். கோல் மார்க்கெட்டைச் சுற்றி அமைந்த குமாஸ்தாக்களின் வரிசை வீடுகளுக்குச் சிறு முற்றமும், நடுவே பொதுவான சதுக்கமும். 1940-களில் எழுந்த லோதி காலனியும், சுதந்திரத்துக்குப் பின் எழுந்த வினய் நகர், ராமகிருஷ்ணபுரம் முதலிய குடியிருப்புகளும் இதே வழியில் வந்தவை. வினய் நகரின் பெரும்பகுதி பிற்காலத்தில் சரோஜினி நகர் ஆயிற்று. மாலி வைத்துக்கொள்ள வசதியில்லாத இந்த வீடுகளில்தான் தானே தோட்டம் பேணும் பழக்கம் வேரூன்றியது. அலுவலகம் விட்டு வந்து குர்பியைக் கையில் எடுத்தவர்கள் எழுத்தர்களும் கணக்கர்களும் தட்டச்சாளர்களும். குர்பி என்பது களைக்கொத்தி. பாவ்டா என்பது மண்வெட்டி. கியாரி என்பது பாத்தி. வடமொழிப் பேச்சில் தமிழர் பலர் முதலில் கற்ற சொற்களில் இவையும் அடங்கும்.

தமிழகத்திலிருந்து வந்தவர்கள் செய்யும் முதல் பிழை பருவக் கணக்கில்தான் நேரும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. அது தென்னாட்டின் மழைக்கேற்ற அறிவு. சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையையொட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தில்லியில் ஆண்டு மழை சென்னையின் பாதியளவே; அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. ஆகவே தில்லியில் மரக்கன்று நட ஏற்ற காலம் ஜூலை. வெண்டை, புடல், பீர்க்கு, அவரை வகைகளை மழையின் தொடக்கத்தில் விதைக்கலாம். அக்டோபர் பிறந்ததும் இரண்டாம் பருவம்: கீரை, வெந்தயம், முள்ளங்கி, காரட், பட்டாணி, காலிஃபிளவர். தென்னாட்டுச் சமவெளியில் எளிதில் வாய்க்காத இக்காய்கறிகள் இங்கே சிறு பாத்தியில்கூடச் செழிக்கும். ஊரில் இல்லாதது இங்கே உண்டு என்பதையும் கண்டுகொள்வது நல்லது.

நம்முடன் வந்த செடிகளின் கதி என்ன? தென்னை தில்லிக் குளிரில் காய்ப்பதில்லை. அந்த ஆசையை விட்டுவிடலாம். வாழை பனியில் இலை கருகும். ஆனால் கிழங்கு பிழைத்து மறுபடியும் தழைக்கும். முருங்கையின் கிளை நுனிகள் ஜனவரியில் வாடலாம். மார்ச்சில் கவாத்துச் செய்தால் புதுக்கிளை வரும். கறிவேப்பிலை குளிரில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று எண்ணி அதைப் பிடுங்கியவர் பலர். பிப்ரவரி முடியும்வரை பொறுத்து, நீரைக் குறைத்து, வேரடியில் சருகு இட்டு வைத்தால் அது துளிர்த்துவிடும். இளங்கன்றுகளைக் காக்க இங்கே உழவர்கள் கையாளும் முறை எளிது. மூன்று பக்கமும் நாணல் தட்டியால் மறைத்து, தென்கிழக்குப் பக்கத்தைத் திறந்து விடுவார்கள். காலை வெயில் உள்ளே விழும். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று தடைபடும். புத்தகத்தில் தேடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் இத்தகைய செய்திகள் கிடைக்கும். அயல்மொழிப் பகுதியில் நட்பு பிறக்கும் இடங்களில் வேலியோரம் முதன்மையானது.

வீட்டு முற்றம் அழகுக்கா, உணவுக்கா என்ற கேள்வி 1940-களில் நாட்டின் கேள்வியாகவே எழுந்தது. உலகப் போர், பர்மா அரிசி நின்றுபோனது, 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைப் பலி கொண்ட பஞ்சம். அதிக உணவு உற்பத்தி இயக்கம் அக்காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. கிடைத்த இடத்திலெல்லாம் காய்கறி பயிரிடுங்கள் என்பது அதன் அழைப்பு. நாட்டின் முதல் இந்தியக் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை இருந்த ராஜாஜி, உணவுத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், தம் மாளிகைத் தோட்டத்தில் ஒரு பகுதியைத் தாமே உழுது தானியம் விளைக்க ஒதுக்கினார். அரச பிரதிநிதிகளின் உல்லாசத்துக்கென்று வகுக்கப்பட்ட வளாகத்தில் ஏர் இறங்கியது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையின் காய்கறித் தோட்டம் அந்த மூலையில்தான் உள்ளது. அம்மாளிகையின் முகலாயத் தோட்டம் 2023-ஆம் ஆண்டு அமிர்தத் தோட்டம் என்று பெயர் பெற்றது. ஆனால் அம்மாளிகையின் மிகப் பொருள் பொதிந்த பாத்தி, சேலம் மாவட்டத்திலிருந்து சென்ற அந்தத் தமிழர் உழுத பாத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

1950-ஆம் ஆண்டு உணவு, வேளாண் அமைச்சராக இருந்த முன்ஷி, ஆண்டுதோறும் ஜூலையில் மரம் நடும் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 1965-ஆம் ஆண்டு, போரும் வறட்சியும் சேர்ந்து வந்த காலத்தில், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஜனபத் சாலையில் உள்ள தம் இல்லத்துப் புல்தரையை உழுது பயிரிட்டார். புல்தரை என்பது ஓய்வின் சின்னமாக இருந்த நகரில் இச்செயல் மக்கள் மனத்தில் பதிந்தது. பல சர்க்கார் குடியிருப்புகளில் முற்றத்தின் ஒரு பாதி காய்கறிக்கும் மறு பாதி மலருக்கும் என்ற ஏற்பாடு நிலைத்தது.

விளைச்சலுக்கு எரு வேண்டும். நகரத்தில் எருவுக்கு எங்கே போவது? இதற்கு விடை தந்த ஆராய்ச்சி இந்நாட்டிலேயே நடந்தது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தோரில் பணியாற்றியபோது, இலைதழை, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே கிளறி, மூன்று மாத காலத்தில் மட்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்திய உழவர்களிடமிருந்தே தாம் கற்றதாக அவர் வெளிப்படையாகக் கூறினார். இந்தோர் முறை என்ற பெயரில் அது உலகெங்கும் சென்றது. மூன்றடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மூலை ஒன்று இதற்குப் போதும். வேம்பும் அரசும் உதிர்க்கும் இலையைக் குவித்துக் கொளுத்துவது வட இந்திய நகரங்களில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அந்தப் புகை குளிர்காலக் காற்றில் தங்கி மூச்சை அடைக்கிறது. 2015-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் இலை எரிப்பதைத் தடைசெய்து அபராதமும் விதித்தது. எரிப்பதை விட்டு மட்க விட்டால் உரத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை.

இந்த முற்றங்களுக்கு இப்போது என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தில்லியின் ஏழு பழைய சர்க்கார் குடியிருப்புகளை இடித்து உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்துக்கு 2016-ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர், நேத்தாஜி நகர், நௌரோஜி நகர் முதலியன அவற்றுள் அடங்கும். வீடுகள் பழுதடைந்திருந்தன; மேலும் பல குடும்பங்களுக்கு வீடு தேவைப்பட்டது; இவை மறுக்க முடியாத காரணங்கள். ஆனால் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படும் என்று தெரிந்தபோது, 2018-ஆம் ஆண்டு கோடையில் மக்கள் திரண்டு மரங்களைத் தழுவி நின்றனர். உயர்நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. அம்மரங்களில் எத்தனையோ, ஏதோ ஒரு வனமகோத்சவத்தில் ஏதோ ஒரு குமாஸ்தாவின் குடும்பம் நட்டவை. நட்டவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார்கள். மரம் அங்கேயே நின்றது. ஒரு மரம் யாருடையது என்ற கேள்விக்குப் பட்டாவைக் கொண்டு மட்டும் விடை சொல்ல இயலாது என்பதை அன்று நகரம் உணர்ந்தது.

சட்டத்தின் நிலையையும் வீட்டுக்காரர்கள் அறிந்திருத்தல் நலம். 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி பெற வேண்டும். 2013-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு ஆணையிட்டது. முற்றத்தில் கல் பாவும்போது அடிமரம் வரை பூசிவிடுவது பலருடைய வழக்கம், சுத்தமாகத் தோன்றும். ஆனால் வேருக்கு நீரும் காற்றும் இல்லாமல், புயற்காற்றில் முதலில் சாய்வது அந்த மரமே.

இப்போது தொகுத்துச் சொல்லலாம். நிலம் எவ்வளவாயினும் சரி, முதலில் நீரின் போக்கையும் வெயிலின் போக்கையும் ஓராண்டு கவனியுங்கள். வந்த ஊரின் பருவத்தை மனத்தில் எழுதி வையுங்கள். விட்டு வந்த ஊரின் பஞ்சாங்கத்தைச் செடிகளின்மேல் சுமத்தாதீர்கள். இங்கே தானாக வளர்வது எது என்று பார்த்து அதற்கு முக்கால் பங்கு இடம் கொடுங்கள். ஊர் நினைவுக்கு மீதிக் கால் பங்கு போதும். கோடையில் நீரை அந்தி சாய்ந்த பின் வேரடியில் விடுங்கள். நண்பகலில் பூவாளியால் தெளித்த நீர் காற்றுக்கே போகும். மண்ணை வெறுமையாக விடாமல் சருகால் மூடுங்கள். அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கும் இதே விதிகள்தாம். நிலத்துக்குப் பதில் தொட்டி, அவ்வளவே. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இளவெயில் உண்டு. மும்பையில் இருப்பவர்களுக்கு நான்கு மாத அடைமழை உண்டு. அங்கங்கே கணக்கு மாறும், கணக்குப் பார்க்கும் முறை மாறாது.

மாற்றலாகிச் செல்லும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் ஒரு சந்தேகம் எழுப்புவதுண்டு. மூன்றாண்டில் விட்டுப் போகப்போகும் இடத்தில் பத்தாண்டில் காய்க்கும் மரத்தை ஏன் நட வேண்டும்? அக்கேள்விக்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. தோட்டத்தின் மேல் தீராத காதல் கொண்ட பாபர் இந்நாட்டுக்கு வந்த நான்காண்டுகளில், 1530-இல், இறந்தார். புதுதில்லி திறக்கப்பட்ட பதினாறு ஆண்டுகளில் அதைக் கட்டியவர்கள் இந்நாட்டை விட்டுச் சென்றனர். அவர்கள் நட்ட நாவல் மரங்களின் கனியை, ஆண்டுதோறும் மழை தொடங்கும் நாட்களில் மரத்தடியில் துணி விரித்துப் பொறுக்குகிறவர்கள் வேறு யாரோ. சரோஜினி நகரின் வேம்பு நிழலில் நின்றவர்களும் அதை நட்டவர்களை அறியமாட்டார்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் கறிவேப்பிலையோ முருங்கையோ நின்றால், உங்களுக்கு முன் அங்கிருந்த யாரோ ஒருவர் உங்களை அறியாமலே உங்களுக்காக நட்டது அது. நில்லாவிட்டால், வரும் ஜூலையில் ஒன்று நடுங்கள். அடுத்து வருபவர் எம்மொழியினராயினும் அதன் இலையைப் பறித்துக்கொள்வார்.